ஓர் இசைத்தட்டை முழுதாகக் கேட்டல்: கார்ப்பென்டர்ஸ் குழுவின் ‘எ சாங் ஃபார் யூ’



ஒரே ஓர் இசைப் படைப்பை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் தேர்ந்தெடுத்தது 1972 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியான ‘எ சாங் ஃபார் யூ’ என்னும் ஆல்பம். ரிச்சர்ட் கார்ப்பென்டர், கேரன் கார்ப்பென்டர் என்ற அண்ணனும் தங்கையும் கார்ப்பென்டர்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட நான்காவது ஆல்பம் அது. அப்போது அண்ணனுக்கு வயது 25, தங்கைக்கு 22.

“சாஃப்ட் ராக்குக்கு ஒரு சொற்பொழிவா?” என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். ராக் இசையைப் பற்றி எழுதியவர்கள் நெடுங்காலம் கலகத்தையும் ஆவேசத்தையும்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். ஜாஸ் பற்றி எழுதியவர்கள் மனோதர்மத்தைப் பார்த்தார்கள். இந்த இரண்டு தராசிலும் கார்ப்பென்டர்ஸின் பாட்டுக்கு எடை நிற்காது. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆகவே அதில் ஆழம் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த முடிவை மறுப்பதுதான் இன்றைய என் உரையின் முதல் வேலை.

இரண்டாவது வேலை இதைவிடக் கடினமானது. கேரன் கார்ப்பென்டர் 1983 பிப்ரவரி 4 அன்று, 32 வயதில், அனோரெக்சியா என்னும் உணவு மறுப்பு நோயின் விளைவாக இதயம் செயலிழந்து இறந்தார். அன்றிலிருந்து அவருடைய பாடல்களை யார் கேட்டாலும் அந்த மரணத்தைத்தான் கேட்கிறார்கள். 1972இல் பாடிய குரலில் 1983இன் நிழலைத் தேடுகிறார்கள். இது அந்தக் கலைஞருக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம். இந்த உரையின் கடைசிப் பகுதிவரை அந்த மரணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வேலை தெரிந்த இரண்டு இளைஞர்கள் ஸ்டுடியோவில் என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவரும் பிறந்தது கிழக்குக் கடற்கரைப் பக்கம், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில். 1963இல் குடும்பம் கலிஃபோர்னியாவில் உள்ள டவுனி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ரிச்சர்ட் சிறு வயதிலேயே பியானோவில் தேர்ந்தவர். தந்தை சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். அவற்றில் லெஸ் பால், மேரி ஃபோர்ட் தம்பதியின் ஒலிப்பதிவுகளும் இருந்தன. ஒரே குரலை நாடாவில் அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு கூட்டமே பாடுவதுபோலக் கேட்கச் செய்த முன்னோடிகள் அவர்கள். கேரன் டவுனி உயர்நிலைப் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்து, அங்கே டிரம்ஸ் வாசிக்கக் கற்றார். பாடகி ஆவதற்கு முன்பே அவர் டிரம்மர். இதைப் பிறகு மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

1966இல் ரிச்சர்ட் கார்ப்பென்டர் டிரியோ என்ற பெயரில், வெஸ் ஜேக்கப்ஸ் என்ற டியூபா, பாஸ் கலைஞரோடு சேர்ந்து, ஹாலிவுட் பௌலில் நடந்த இசைக்குழுப் போட்டியில் வென்றார்கள். அதே காலத்தில் லாங் பீச்சில் உள்ள கலிஃபோர்னிய அரசுக் கல்லூரியில் ஃபிராங்க் பூலர் என்ற ஆசிரியரின் சேர்ந்திசைக் குழுவில் பாடினார்கள். பூலரின் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. பழைய தேவாலய இசையையும் அன்றைய புதிய இசையையும் ஒரே அக்கறையோடு பாடச் சொன்னவர் அவர். பாடலாசிரியர் ஜான் பெட்டிஸ் இவர்களுக்கு அறிமுகமானதும் அந்தக் கல்லூரியில்தான். பாஸ் கிட்டார் கலைஞர் ஜோ ஆஸ்பார்ன் தம் வீட்டுக் கராஜில் வைத்திருந்த சிறிய ஸ்டுடியோவில் பதிவுக்கலையைப் பழகினார்கள். 1969இல் ஹெர்ப் ஆல்பர்ட் தம்முடைய ஏ அண்ட் எம் நிறுவனத்தில் இவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒரு காலத்தில் சார்லி சாப்ளின் கட்டிய படப்பிடிப்பு வளாகத்தில், ஹாலிவுட்டின் லா பிரியா சாலையில், அந்த நிறுவனம் இயங்கிவந்தது.

முதல் ஆல்பம் விற்கவில்லை. அடுத்த ஆண்டு, 1970இல், பர்ட் பாக்கராக்கும் ஹால் டேவிடும் எழுதிய ‘க்ளோஸ் டு யூ’ பாடலை ரிச்சர்ட் புதிய முறையில் அமைத்தார். அதற்கு முன்பே ரிச்சர்ட் சேம்பர்லின், டியோன் வார்விக் ஆகியோர் பாடியிருந்த பாட்டு அது. கார்ப்பென்டர்ஸ் பாடியபோது அது பில்போர்டு பட்டியலில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதற்கு அடுத்த வெற்றிப் பாடல் இன்னும் வியப்பானது. தொலைக்காட்சியில் க்ரோக்கர் வங்கியின் விளம்பரத்தில் ஒரு சிறு மெட்டு வந்தது. அதைக் கேட்ட ரிச்சர்ட், இதற்கு முழுப் பாட்டு இருக்கிறதா என்று அதன் பாடலாசிரியரான பால் வில்லியம்ஸிடம் விசாரித்தார். இன்றுவரை அமெரிக்கக் கல்யாணங்களில் ஒலிக்கும் ‘வீ ஹாவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ அப்படிக் கிடைத்ததுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பாட்டு வேறொருவரிடம் தோற்றுப்போய்க் கிடக்கும். அல்லது விளம்பரத்துக்குள் சில நொடிகள் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் பாட்டை ரிச்சர்டின் காது கண்டுபிடித்துவிடும். ‘எ சாங் ஃபார் யூ’ ஆல்பத்தில் உள்ள 13 தடங்களில் சரிபாதிக்கு மேல் பிறர் எழுதியவை. ஆனால் எந்தத் தடத்தை எடுத்தாலும் சில நொடிகளில் இது கார்ப்பென்டர்ஸ் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் அவர்களுடைய ஆக்கம் எங்கே இருக்கிறது? மெட்டிலும் வார்த்தையிலும் தேடினால் கிடைக்காது. அரேஞ்ச்மென்டில் இருக்கிறது. எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும், எது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், குரல்கள் எத்தனை அடுக்காக விரிய வேண்டும், எந்தச் சுருதியில் வைத்தால் பாடகியின் குரல் தன் சிறந்த இடத்தில் நிற்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற வேலை அது. நாம் இசையமைப்பாளரைத் தெரிந்துவைத்திருக்கிறோம், பாடகரைத் தெரிந்துவைத்திருக்கிறோம். அரேஞ்சரின் பெயரை எவ்வளவு பேர் கேட்டிருக்கிறோம்? நம் சினிமாப் பாட்டிலும் இதே கதைதான். இந்த ஆல்பம் ஓர் அரேஞ்சரின் படைப்பு. அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் இதன் அளவு தெரியும்.

இனி இசைத்தட்டுக்குள் போவோம். சிவப்பு உறை, அதன் மேல் ஓர் இதயம். காதலர் தின வாழ்த்து அட்டையைப் போன்ற அந்த உறையே விமர்சகர் பலரை விரட்டியிருக்கும். உள்ளே அமைப்பு மிகத் தெளிவானது. முதல் பாட்டு ‘எ சாங் ஃபார் யூ’. கடைசித் தடமும் அதே பாட்டின் சிறு மறுவருகை. முதல் பக்கம் முடியும் இடத்தில் ‘இடைவேளை’ என்ற பெயரிலேயே ஒரு குட்டித் தடம். ஆக, ஓர் அரங்க நிகழ்ச்சியைப் போலத் திட்டமிட்டு இதைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த முதல் பாட்டை லியோன் ரஸ்ஸல் எழுதி, தம்முடைய 1970ஆம் ஆண்டு ஆல்பத்தில் தாமே பாடியிருந்தார். மேடையிலேயே வாழ்ந்து தேய்ந்த ஒரு கலைஞன், தன் அன்புக்குரியவரிடம் தனிமையில் மனம் திறக்கும் பாட்டு. ரஸ்ஸலின் குரல் கரகரப்பானது. அடிபட்டவனின் குரல். அந்தக் கரகரப்பே பாட்டுக்குச் சாட்சியாக நின்றது. 22 வயதுப் பெண்ணின் வழுவழுப்பான குரலில் இது எப்படி எடுபடும் என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

கேரன் கண்ட விடை, கீழே இறங்குவது. பெண் பாடகியர் உச்சஸ்தாயியில்தான் தங்கள் வலிமையைக் காட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பாப் இசையில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கேரனின் குரலோ கான்ட்ரால்டோ வகை, கீழ்ஸ்தாயியில்தான் அதன் சொத்து இருந்தது. தங்கையின் இந்தக் கீழ்ப்பகுதியை முதலில் கண்டுகொண்டவர்களில் ரிச்சர்டும் ஒருவர். பாடல்களின் சுருதியை வேண்டுமென்றே இறக்கி வைத்தார். இந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். பியானோவும் குரலும் மட்டும்தான். வரியின் முடிவில் குரல் தரைக்குப் பக்கத்தில் போகிறது, ஆனாலும் சுருதி அசையவில்லை. அதிர்வு, அதாவது வைப்ரேட்டோ, நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் மட்டும் மெல்ல வருகிறது. மைக்குக்கு மிக நெருக்கமாக நின்று பாடுவதால் மூச்சு உள்ளே போவதுகூடக் கேட்கிறது. கத்தித் தெரிவிக்க வேண்டிய துயரத்தை அவர் பேச்சின் அளவுக்கு இறக்கிவிடுகிறார். நடுவில் பாப் மெசெஞ்சரின் டெனர் சாக்ஸஃபோன் வருகிறது. அதுவும் பாடகியைப் போலவே நீண்ட மூச்சில், அவசரமில்லாமல் வாசிக்கிறது. பிறகுதான் தந்தி வாத்தியங்கள் விரிகின்றன. ஆவேசம் எழக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் அதை ஒரு படி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் அனுமதித்திருக்கிறார் ரிச்சர்ட்.

இந்த ஆல்பத்தில் வரும் பின்னணிக் குரல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் சேர்ந்து பாடுவதாகத் தோன்றும் அந்தக் குரல்கள் அநேகமாக எல்லாமே இந்த இருவருடையவைதான். நான்கு பகுதியாகப் பிரித்த ஒத்திசைவின் ஒவ்வொரு பகுதியையும் இருவரும் சேர்ந்து பாடிப் பதிவார்கள். அதே பகுதியை மறுபடி பாடுவார்கள், மறுபடியும் பாடுவார்கள். மூன்று அடுக்கு சேர்ந்தால் நான்கு பகுதிகளுக்குப் பன்னிரண்டு பதிவுகள். இதையெல்லாம் நாடாவில் கலந்து சுருக்கி, அடுத்த வேலைக்கு இடம் செய்வார்கள். இன்றைய கணினிப் பதிவில் தவறிய ஓர் எழுத்தை நகர்த்திவைக்கலாம், இறங்கிய சுருதியை ஏற்றிக்கொள்ளலாம். அன்று அந்த வசதி எதுவும் கிடையாது. பன்னிரண்டு முறையும் ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்து ஒரே கணத்தில் மூட வேண்டும். உயிரெழுத்தின் நிறம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் உச்சரிப்பு ஒன்றாக இருந்தது இதற்குப் பெரிய உதவி. மீதியெல்லாம் பூலரின் வகுப்பறையில் கிடைத்த ஒழுக்கம்.

‘ஹர்ட்டிங் ஈச் அதர்’ பாட்டில் இந்த அடுக்குக் குரல்களின் பயனைப் பார்க்கலாம். ரூபி அண்ட் தி ரொமான்டிக்ஸ் முன்பு பாடியிருந்த அந்தப் பாட்டு, ஒருவரையொருவர் நேசித்துக்கொண்டே காயப்படுத்திக்கொள்ளும் இருவரைப் பற்றியது. சரணத்தில் கேரன் கிட்டத்தட்டத் தனியாக, அடங்கிய குரலில் விவரிக்கிறார். பல்லவிக்கு வரும்போது குரல்களின் சுவர் எழும்புகிறது. தனிமனிதப் பேச்சு முறையீடாக மாறுவது அந்த ஓர் இடத்தில்தான். பில்போர்டில் இரண்டாம் இடம்வரை போன பாட்டு அது. கேரல் கிங்கும் டோனி ஸ்டெர்னும் எழுதிய ‘இட்ஸ் கோயிங் டு டேக் சம் டைம்’ இதைவிட லேசானது. இனிமையான பாட்டு. ஆனால் அதைத் தாண்டிச் செல்ல எனக்கு அவசரம். அடுத்து வருவதுதான் இந்த ஆல்பத்தின் உச்சம்.

‘குட்பை டு லவ்’ பாட்டின் பெயர் ஒரு பழைய சினிமாவிலிருந்து வந்தது. பிங் க்ராஸ்பி நடித்த 1940ஆம் ஆண்டுப் படமான ‘ரிதம் ஆன் தி ரிவர்’ கதையில் ஒரு புகழ்பெற்ற இசையமைப்பாளர் வருகிறார். அவருடைய பேர்போன பாட்டு என்று ‘குட்பை டு லவ்’ பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் படம் முடியும்வரை அந்தப் பாட்டு ஒலிப்பதில்லை. அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ரிச்சர்டுக்கு, இல்லாத அந்தப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்ற யோசனை வந்தது. மெட்டை அவர் போட, வரிகளை ஜான் பெட்டிஸ் எழுதினார்.

பாட்டின் தொடக்கத்தில் வாத்திய முன்னுரை எதுவும் கிடையாது. கேரன் முதல் சொல்லிலேயே நுழைந்துவிடுகிறார். மெட்டின் வரிகள் நீளமானவை, மூச்சு வாங்க இடம் மிகக் குறைவு. ஒரு வரி முடிந்தது என்று கேட்பவர் நினைக்கும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. பாடிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் வீட்டில் முயன்று பாருங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று திணறிப்போவீர்கள். கேரன் எங்கே எடுத்தார் என்பதைக் கண்டுபிடிக்கப் பலமுறை கேட்க வேண்டும். காதலை இனி நம்பமாட்டேன், அதற்கு விடைகொடுத்துவிட்டேன் என்று பாடுகிற பாத்திரம் அது. துயரம் வழியும் பொருள். கேரனோ அழாமல் பாடுகிறார். கணக்குப் பார்த்து முடிவெடுத்த ஒருத்தி அந்த முடிவை அறிவிப்பதைப் போல நிதானமாகப் பாடுகிறார். கேட்பவரின் நெஞ்சு கனப்பது அந்த நிதானத்தால்தான்.

பாட்டின் நடுவிலும் முடிவிலும் ஒரு தனிவாசிப்பு தேவைப்பட்டது. இதமான பாட்டுக்கு யாராயினும் சாக்ஸஃபோனையோ ஓபோவையோ நாடியிருப்பார்கள். ரிச்சர்டு ஃபஸ் கிட்டாரை விரும்பினார். மின்னொலியை வேண்டுமென்றே கிழித்துச் சிதைத்து, ரம்பம்போல் இழுக்கும் ஒலி அது. கார்ப்பென்டர்ஸ் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்த ஒரு குழுவில் டோனி பெலூசோ என்ற இளைஞரைப் பார்த்திருந்தார்கள். நீளமுடி வைத்த ராக் கிட்டார்க்காரர். கேரனே அவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஸ்டுடியோவுக்கு வந்த பெலூசோ, இந்தக் குழுவுக்கு ஏற்றபடி மென்மையாக வாசித்துக் காட்டினார். ரிச்சர்டு அதை ஏற்கவில்லை. முதல் சில தாள வட்டங்களுக்கு மெட்டை அப்படியே வாசியுங்கள், பிறகு கட்டவிழ்த்துப் பறந்துவிடுங்கள் என்ற பொருளில் சொன்னார். பெலூசோ பெருக்கி எதுவும் இல்லாமல் கிட்டாரை நேரடியாக ஒலிக்கலவை மேசையில் இணைத்து வாசித்தார். அதுதான் நாம் கேட்பது.

நடுவில் வரும் வாசிப்பு கேரன் பாடிய மெட்டையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இறுதிப் பகுதியைக் கவனியுங்கள். அடுக்கடுக்கான குரல்கள் சொல்லற்ற நீண்ட ஒலியாக எழுகின்றன, தேவாலயத்துச் சேர்ந்திசையின் கம்பீரத்தோடு. அதற்கு மேலே கிட்டார் அலறுகிறது. கேரன் பாடும்போது அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதையும் அந்தக் கிட்டாரிடம் கொடுத்துவிட்டார் ரிச்சர்டு. பாடகியின் கண்ணியம் குலையவில்லை. உணர்ச்சியும் அடைபட்டுப்போகவில்லை. இரண்டையும் இரண்டு வேறு ஒலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த இந்தத் தீர்மானம்தான் அரேஞ்ச்மென்ட் என்ற கலையின் உயர்ந்த எடுத்துக்காட்டு என்று சொல்வேன்.

ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இது பிடிக்கவில்லை. கார்ப்பென்டர்ஸ் கெட்டுப்போய்விட்டார்கள், ராக் பக்கம் போய்விட்டார்கள் என்று கோபமாகக் கடிதங்கள் வந்தன. இதமான பாட்டுகளை மட்டும் ஒலிபரப்பும் சில வானொலி நிலையங்கள் இதைத் தவிர்த்தன. ஆயினும் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஏழாம் இடம்வரை ஏறியது. மெல்லத் தொடங்கி, சீறும் மின்கிட்டாரில் முடியும் பவர் பாலட் என்ற வடிவம் அடுத்த பத்தாண்டுகளில் கடின ராக் குழுக்களின் வழக்கமான முத்திரை ஆனது. அதன் தொடக்கப் புள்ளிகளைத் தேடுவோர் பலர் இந்தப் பாட்டில் வந்து நிற்கிறார்கள். பெலூசோ அதன்பின் கார்ப்பென்டர்ஸ் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்.

இந்த உச்சம் முடிந்ததும் ‘இடைவேளை’. அரை நிமிடம்கூட இல்லை. வெனிஸ் நகரத்து அன்டோனியோ லோட்டி இயற்றிய சிலுவைப்பாட்டு இசையை எடுத்து, கழிவறைக்குப் போய்விட்டு வருகிறோம் என்ற அறிவிப்பை அதில் பொருத்தி, வாத்தியமின்றிப் பல குரலில் பாடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் குறும்பு. ஆனால் அந்தக் குறும்பைச் செய்யவும் லோட்டியைச் சுத்தமாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டுமே!

இரண்டாம் பக்கம் முதல் பக்கத்துக்கு இணையில்லை. மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். ‘பிளெஸ் தி பீஸ்ட்ஸ் அண்ட் சில்ட்ரன்’ ஸ்டான்லி கிராமரின் 1971ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக எழுதப்பட்டது. சுட்டுக் கொல்லப்படவிருக்கும் காட்டெருமைகளை விடுவிக்கக் கிளம்பும் சிறுவர்களின் கதை. பாட்டு ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் விருது ‘ஷாஃப்ட்’ படத்தின் பாட்டுக்குப் போயிற்று. ‘ஃப்ளாட் பரோக்’ ரிச்சர்டின் சுறுசுறுப்பான வாத்திய இசை. பியானோவும் பஸ்ஸூனும் துள்ளி விளையாடுகின்றன. ரிச்சர்டு தாமே பாடும் ‘பியானோ பிக்கர்’ ஆல்பத்தின் பலவீனமான இடம். ‘கிறிஸ்டல் லல்லபை’ அழகான தாலாட்டு. ‘ரோட் ஓட்’ பாட்டைக் குழுவின் உறுப்பினர்களான கேரி சிம்ஸும் டான் வுட்ஹாம்ஸும் எழுதினார்கள். ஊர் ஊராகக் கச்சேரி செய்து களைத்தவர்களின் பாட்டு. சுற்றுப்பயணங்களின் நடுவே கிடைத்த இடைவெளிகளில் ஆல்பம் பதிவு செய்துவந்த குழுவின் நிலைமை அதில் தெரிகிறது. பால் வில்லியம்ஸும் ரோஜர் நிக்கல்ஸும் எழுதிய ‘ஐ வோன்ட் லாஸ்ட் எ டே வித்தவுட் யூ’தான் இரண்டாம் பக்கத்தின் சிகரம். 1974இல் தனித்தட்டாக வந்து, பதினொன்றாம் இடத்தைப் பிடித்தது. ஆல்பம் வெளியாகி ஈராண்டுக்குப் பிறகும் அதிலிருந்து எடுத்த பாட்டுக்கு அவ்வளவு வரவேற்பு இருந்தது.

‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ரிச்சர்டும் பெட்டிஸும் எழுதிய இந்தக் கிராமியச் சாயல் பாட்டை ஆல்பத்துக்கு ஒரு நிரப்புப் பாட்டாகத்தான் நினைத்தார்கள். கன்ட்ரி பாடகி லின் ஆண்டர்சன் அதை எடுத்துப் பாடினார். அது கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. அதன்பிறகுதான் இவர்கள் விழித்துக்கொண்டு, கேரனை மறுபடி பாடவைத்து, 1973இல் தனித்தட்டாக வெளியிட்டார்கள். டிசம்பரில் பில்போர்டு முதலிடம். ஆகவே நாம் வழக்கமாகக் கேட்கும் ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ 1972 ஆல்பத்தில் இருப்பதல்ல. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றரை ஆண்டில் ஒரு பாடகி அதே பாட்டை எவ்வளவு தளர்வாக, தன்வசப்படுத்திக்கொண்டு பாடக் கற்றிருக்கிறார் என்பது விளங்கும்.

இப்போது டிரம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பத்தின் உறையில் டிரம்ஸ் வாசித்தவர்களாகக் கேரன் பெயரும் ஹால் பிளெய்ன் பெயரும் இருக்கின்றன. பிளெய்ன் அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களின் மகா கலைஞர். சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபுள்டு வாட்டர்’ பாட்டில் அவரும் ஜோ ஆஸ்பார்னும்தான் வாசித்தார்கள். அப்படிப்பட்டவர் ஸ்டுடியோவில் இருந்ததில் குறையொன்றும் இல்லை. ஆனால் மேடையிலும் கேரனை டிரம்ஸிலிருந்து எழுப்பி முன்னால் நிறுத்த வேண்டும் என்ற நெருக்கடி பெருகியது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாடகியின் முகம் கூட்டத்துக்குத் தெரியாது என்றார்கள். அவர் தம்மை எப்போதும் பாடத் தெரிந்த டிரம்மராகவே நினைத்தார். அந்த ஆசனம் சிறிது சிறிதாக அவரிடமிருந்து போயிற்று. 1973இல் வந்த அடுத்த ஆல்பமான ‘நவ் அண்ட் தென்’ பதிவில் பெரும்பாலான பாடல்களுக்கு அவரே வாசித்தார் என்பது ஆறுதல். 1976இல் வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரே மேடையில் பலவகை டிரம்களை ஓடியோடி வாசிக்கும் கேரனைப் பாருங்கள். அந்த முகத்தில் இருக்கும் மகிழ்ச்சி வேறெந்தக் காட்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அவருடைய பாட்டைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி இன்றியமையாதது. கேரன் தாளத்தின் உள்ளேயிருந்து பாடுகிறார். சொல் எந்த அடிக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும், எந்த எழுத்தைக் கூர்மையாக வெட்ட வேண்டும் என்பதெல்லாம் டிரம்மரின் கணக்கு. அந்தக் குரலில் சோகம் இயல்பாகவே ஊறிக்கிடந்தது என்று எழுதுகிறவர்கள், கலைஞரிடமிருந்து கலையைப் பறித்துவிடுகிறார்கள். துக்கப்படுவதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. கேட்பவரைத் துக்கப்படவைப்பதற்குச் சுருதி வேண்டும், மூச்சு வேண்டும், காலக்கணக்கு வேண்டும், எங்கே நிறுத்துவது என்ற தீர்ப்பு வேண்டும். இவை நான்கும் 22 வயதில் அவரிடம் முழுமையாக இருந்தன.

1973 மே மாதம் வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன் முன்னிலையில், மேற்கு ஜெர்மனியின் வில்லி பிராண்டுக்கு அளித்த விருந்தில், இவர்கள் பாடினார்கள். வியட்நாம் போரை எதிர்த்து வீதியில் நின்ற தலைமுறைக்கு அது உறுத்தியது. நல்ல வீட்டுப் பிள்ளைகள் என்ற முத்திரை விழுந்தது. விமர்சகர்கள் இசையை விட்டுவிட்டு அந்த முத்திரையையே விமர்சித்தார்கள். ஆனால் மற்ற இசைக்கலைஞர்கள் ஏமாறவில்லை. 1994இல் ‘இஃப் ஐ வேர் எ கார்ப்பென்டர்’ என்ற அஞ்சலி ஆல்பம் வந்தது. சோனிக் யூத், அமெரிக்கன் மியூசிக் கிளப், ஜப்பானின் ஷோனென் நைஃப் ஆகிய மாற்று ராக் குழுக்கள் கார்ப்பென்டர்ஸின் பாடல்களைத் தங்கள் பாணியில் வாசித்தன. ‘குட்பை டு லவ்’, ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ இரண்டும் அதில் உண்டு. இரைச்சலையே இலக்கணமாகக் கொண்ட சோனிக் யூத், ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டை எவ்வளவு பணிவோடு அணுகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தள்ளி வைத்த விஷயத்தை இப்போது எடுக்கிறேன். 1975இல் கேரன் உடல் மெலிந்து சோர்ந்ததால் வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்கள் ரத்தாயின. அவருடைய மறைவுக்குப் பிறகுதான் உலகம் அனோரெக்சியாவை உயிர்கொல்லும் நோய் என்று பரவலாக உணர்ந்தது. அந்த நோயைப் பற்றிப் பேச வேண்டும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் படிக்கும் இடங்களில் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுக்கு இந்தப் பாடல்களைச் சான்றாக இழுக்காதீர்கள். ‘குட்பை டு லவ்’ பாட்டின் வரிகளை எழுதியவர் ஜான் பெட்டிஸ், அதன் கருவைத் தந்தது ஒரு பழைய சினிமா. அது கேரனின் நாட்குறிப்பு இல்லை. ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பாடிய நிபுணரின் வேலை. ஒரு நடிகர் மேடையில் இறப்பதுபோல் நடித்தால் அதை அவர் வாழ்க்கையின் முன்னறிவிப்பு என்று யாரும் சொல்வதில்லை. பாடகிகளுக்கு மட்டும் ஏன் இந்த வேறு நீதி?

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்த ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். தொகுப்புத் தட்டுகளில் இதன் பாடல்கள் சிதறிக் கிடக்கின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். 13 தடங்களையும் 1972இல் வைத்த வரிசையிலேயே, நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். முதல்முறை கேரனை மட்டும் கேளுங்கள். அடுத்த முறை அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேளுங்கள்: ஆஸ்பார்னின் பாஸ், பிளெய்னின் டிரம்ஸ், மெசெஞ்சரின் சாக்ஸஃபோன், பெலூசோவின் கிட்டார். ஒவ்வொரு வாத்தியமும் நுழையும் இடத்தையும் விலகும் இடத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு வாருங்கள், அடுத்த வாரம் துறையில் உட்கார்ந்து பேசுவோம்.